நாலு கிலோமீட்டர் சேறு

டயரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று சில நாட்கள் யோசித்தேன். நாவலும் கவிதையும் மொழிபெயர்ப்பும் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு நடுவே ரப்பர் வாடை அடிக்கும் ஒரு கட்டுரை எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். ஆனால் உமணர்களின் உப்பு வண்டிகள் மேட்டிலும் பள்ளத்திலும் பட்ட பாட்டைப் பாடிய மொழி இது. புறநானூற்றில் ஔவையார் ஒரு தலைவனைப் புகழ நினைத்தபோது, உமணர்கள் வண்டியின் அடியில் கட்டிவைத்திருக்கும் உபரி அச்சைத்தான் அவனுக்கு உவமையாக்கினார். இன்று நாம் ஸ்டெப்னி என்று சொல்வதன் மூதாதை அது. ஸ்டெப்னி என்பதும் ஒரு தெருவின் பெயர்தான். வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்தில் அந்தத் தெருவில் 1904-ல் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் பிறந்த நாட்டில் மறைந்துபோய், நம்மூர் பஞ்சர் கடைகளில் உயிரோடிருக்கிறது. ஆகவே சக்கரத்தைப் பற்றிப் பேச இலக்கிய வாசகர்களிடம் தனியாக அனுமதி கேட்கத் தேவையில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

விஷயம் இதுதான். 2023 ஆவணியில் எங்கள் ஜீப்புக்கு நான்கு டயர்களை மாற்ற வேண்டியிருந்தது. மட்-டெரெய்ன் போடுவதா, ஆல்-டெரெய்ன் போடுவதா என்று வீட்டில் ஒரு வாதம் எழுந்தது. சேற்று டயரா, எல்லாத் தரைக்குமான டயரா என்று அதைத் தமிழில் சொல்லலாம். மூன்று வாரம் நீடித்த அந்த வாதம், டயரில் தொடங்கி வேறு எங்கோ போய் நின்றது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று உண்டு. நிழலுக்கு வளர்த்த மரங்களில் மிளகுக் கொடி, நடுவே சில ஆரஞ்சு மரங்கள், கொஞ்சம் மலைவாழை. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து காட்டுக்குள் ஒரு மண்பாதை ஏறுகிறது. நாலு கிலோமீட்டர். இரண்டாவது கிலோமீட்டரில் எங்கள் தோட்டம். பாதை முடியும் இடத்தில் ஒரு பளியர் குடியிருப்பு, இருபதுக்குச் சற்றுக் கூடுதலான வீடுகள். அந்தப் பாதையில் தினமும் நடப்பவர்கள் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், மூட்டை சுமக்கும் குதிரைகளும். இன்ஜின் வைத்த வண்டி என்று ஓடுவது எங்கள் ஜீப் ஒன்றுதான்.

ஜீப் என்று பழக்கத்தில் சொல்கிறேன். உண்மையில் அது மகிந்திரா நிறுவனம் 2010-ல் கொண்டுவந்த முதல் தலைமுறை 'தார்'. தார் தாரில் ஓடும்போது ஒரு மாதிரி, மண்ணில் ஓடும்போது வேறு மாதிரி என்று அண்ணன் கேலி செய்வார். பின்பக்கம் பழைய முறைப்படி பட்டாவால் ஆன ஸ்பிரிங். வழுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் அதில் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஜீப் காப்பி மூட்டை இறக்குகிறது, உரம் ஏற்றுகிறது. வாரம் ஒருமுறை அம்மாவை வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துப்போகிறது. போகவர இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதில் மண்பாதை இரண்டும் இரண்டும் நாலு கிலோமீட்டர்தான். மீதி முழுவதும் தார்ச்சாலை. அதில் கணிசமான பகுதி கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை. இவை தவிர, எழுதப்படாத ஒரு வேலையும் அதற்கு உண்டு. குடியிருப்பில் யாருக்காவது பாம்பு கடித்தாலோ, பிரசவ வலி கண்டாலோ, தார் முடியும் இடத்துக்கு ஆம்புலன்ஸ் வரும். அதற்கு மேல் அது ஏறாது. அந்த நாலு கிலோமீட்டரைக் கடக்க எங்கள் ஜீப்தான் வரவேண்டும்.

*

டயர் தரையைத் தொடும் பரப்பு விரித்த கையளவுதான் இருக்கும். ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டியும் அதிலிருக்கும் உயிர்களும் அந்த நான்கு கையளவு ரப்பரை நம்பியே மலை இறங்குகின்றன. அந்தக் கையளவு ரப்பரில் எவ்வளவு பங்கு கட்டை, எவ்வளவு பங்கு பள்ளம் என்பதில்தான் இரண்டு வகை டயருக்குமான வேறுபாடு அடங்கியிருக்கிறது. இந்தக் கட்டைகளை நம்மூர்க் கடைகளில் 'பட்டன்' என்பார்கள். பட்டன் தேய்ந்தால் மொட்டை டயர்.

சேற்று டயரில் பட்டன்கள் பெரியவை, தடித்தவை, ஒன்றுக்கொன்று எட்டி நிற்பவை. இடையிலுள்ள பள்ளங்கள் அகலமும் ஆழமும் கொண்டவை. சேற்றில் சக்கரம் சுழலும்போது பள்ளத்தில் அப்பிக்கொள்ளும் மண்ணை அந்தச் சுழற்சியே வெளியே வீசிவிடும். அடுத்த சுற்றுக்குப் பட்டன் மறுபடியும் பல்லாகிவிடும். ஓரங்களிலும் பற்கள் உண்டு. வண்டித்தடத்தின் பக்கச்சுவரைப் பற்றிக்கொண்டு ஏற அவை உதவும்.

எல்லாத் தரைக்குமான டயரில் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். தரையைத் தொடும் ரப்பர் கூடுதல். ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய கீற்றுகள் இருக்கும். இவற்றுக்கு 'சைப்' என்று பெயர். ஜான் சைப் என்ற அமெரிக்கர் 1923-ல் இந்தக் கீறல்களுக்குக் காப்புரிமை பெற்றார். காலணியின் அடிப்பாகம் ஈரத்தில் வழுக்காமல் இருப்பதற்காக அவர் யோசித்தது பின்னால் டயருக்கு வந்தது. நனைந்த சாலையில் ஒவ்வொரு கீறலும் நீர்ப்படலத்தை அறுத்து, ரப்பரின் விளிம்பைத் தரையில் படவைக்கிறது. கீறல்கள் குறைந்த பெரிய கட்டைக்கு இது எளிதல்ல. சேற்று டயரின் பள்ளங்கள் தேங்கிய நீருக்கு வழிவிடுவதில் குறை வைப்பதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது தரையைப் பற்ற அங்கே இருக்கும் ரப்பர் குறைவு, பற்றும் விளிம்புகளும் குறைவு, உயரமான பட்டன்கள் பாரத்தில் நெளிந்தும் கொடுக்கின்றன.

வண்டிக்காரர்களின் உலகில் இந்த இரண்டு பெயர்களும் மிகப் பழையவை அல்ல. அமெரிக்க நிறுவனமான பி.எஃப். குட்ரிச் 1976-ல் ஆல்-டெரெய்ன் ரேடியல் டயரையும், 1980-ல் மட்-டெரெய்னையும் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இந்தப் பிரிவினை உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னால் ராணுவ ஜீப்புகளின் கட்டைப்பல் டயரே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது. நம் கிராமங்களில் அதற்கும் முன்னால் மரச் சக்கரத்தில் இரும்புப் பட்டா கட்டிய கட்டை வண்டி ஓடியது. காற்றடைத்த சக்கரம் மாட்டு வண்டிக்கு வந்தபோது ஜனங்கள் அதற்கு 'டயர் வண்டி' என்றே பெயர் வைத்தார்கள். வண்டிக்கு அதன் சக்கரத்தை வைத்துப் பெயர் சொன்னவர்கள் நாம்.

*

டயர்க்கடையில் நான் நின்றிருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று இளைஞர்கள் வந்து சேற்று டயர் விசாரித்தார்கள். மூவரில் இருவர் நகரத்தை விட்டு வண்டியை எடுப்பதில்லை என்பது பேச்சில் தெரிந்தது. கடைக்காரர் என்னிடம், "சார், நான் விக்கிற மட் டயர்ல முக்காவாசி சேத்தையே பாத்ததில்ல" என்று சிரித்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாசிக்காத புத்தகங்களை அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிற நமக்கு அந்த உரிமையும் இல்லை. வாங்குகிற பொருளில் பாதி நாம் இருக்கிற ஆளுக்கு, பாதி நாம் ஆக விரும்புகிற ஆளுக்கு. முரட்டுப் பல் டயரைப் போட்டவுடன் வண்டி நின்ற இடத்திலேயே காட்டுக்குள் போய்விடுகிறது.

கடைக்காரர் அளவிலும் ஒரு ஆசை காட்டினார். வண்டியோடு வந்த அளவு 235/70 ஆர் 16. அதற்குப் பதில் 245/75 ஆர் 16 போட்டால் வண்டி கம்பீரமாக நிற்கும் என்றார். நான் அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டேன். முதலாவதன் விட்டம் 735 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 774. வண்டி தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயரும். ஆனால் ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கியரும் அந்த ஐந்து சதவீத அளவுக்கு இழுவையை இழக்கும். கம்பீரத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

நான் ஆல்-டெரெய்ன் பக்கம். அண்ணன் மட்-டெரெய்ன் பக்கம். அண்ணனின் வாதம் அந்த இளைஞர்களின் வாதமல்ல. அது வேறு தளத்தில் இருந்தது.

"உனக்குச் சேறுன்னா வண்டி மாட்டிக்கிறது. மாட்டினா நடந்து வந்துருவோம்னு நெனைக்கிற. பின்னால ஒரு பிள்ளத்தாச்சி படுத்திருக்கும்போது மாட்டினா என்ன செய்வ, தம்பி?" என்றார்.

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை இரவில், பாம்பு கடித்த ஒருவரை நாலு பேர் கம்பளியில் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கியதை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். அன்று ஜீப் பட்டறையில் இருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நடையில் கழிந்த நேரத்தை அண்ணன் மறக்கவில்லை.

*

மறுநாள் மழை பெய்து விட்டிருந்தது. பாதை முழுவதையும் நடந்து பார்ப்பது என்று கிளம்பினேன். நாலு கிலோமீட்டர் சேறு என்று நாங்கள் வாய்வழக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது எத்தனை அடி என்று யாரும் அளந்ததில்லை.

டயர் கம்பெனிக்குச் சேறு என்பது ஒரே சொல். தமிழுக்கு அப்படியல்ல. சகதி வேறு, களி வேறு, உளை வேறு, தொளி வேறு. நடவுக்குக் கலக்கிய வயலில் இருப்பது தொளி. மழைத்தண்ணீரும் மண்ணும் குழம்பிக் கிடப்பது சகதி. காலை இழுத்துப் பிடித்துக்கொள்வது உளை. மிதித்தால் ஒட்டி, உருண்டையாய்த் திரண்டு, செருப்போடு வருவது களி. உள்ளே இறங்கிவிடுகிற ஆழமான சேற்றுக்கு அளறு என்று வள்ளுவர் காலத்திலேயே பெயர் உண்டு. இந்தச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபோது பாதை வேறு மாதிரி தெரிந்தது.

பாதையின் பெரும்பகுதியில் இருந்தது சகதிதான். மேலே மூன்று நான்கு விரற்கடை குழம்பு, அடியில் கெட்டியான சரளை. இங்கே எந்த டயரும் குழம்பைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைத் தொட்டுவிடும். இரண்டு வகைக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. தோட்டத்துக்குக் கீழே ஒரு நூறு மீட்டரும், குடியிருப்புக்கு முன்னால் ஒரு ஏற்றத்தில் இருநூறு மீட்டரும் செம்மண் களி. ஆல்-டெரெய்ன் டயர் தோற்கும் இடம் இதுதான். நெருக்கமான பள்ளங்களைக் களி அடைத்துவிட்டால் நல்ல டயரும் மொட்டை டயராகிவிடும். ஓடை குறுக்கே வரும் இடத்தில் ஏறத்தாழ முப்பது மீட்டர் உளை. அங்கே எந்த டயரை நம்புவதும் சூதாட்டம்.

ஆக, நாலு கிலோமீட்டரில் முந்நூற்று முப்பது மீட்டர். மீதியெல்லாம் எங்கள் பயம்.

அந்தக் களி ஏற்றத்தில் நின்றுகொண்டு இன்னொன்றையும் யோசித்தேன். சேற்று டயர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வேகமாகச் சுழல வேண்டும். ஒருபக்கம் மலை, ஒருபக்கம் பள்ளம் என்றிருக்கும் ஏற்றத்தில், பின்னால் நோயாளியை வைத்துக்கொண்டு, யார் சக்கரத்தை வேகமாகச் சுழலவிடுவார்கள்? அங்கே வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போகும். அந்த வேகத்தில் சேற்று டயரின் மேன்மையில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஓரப்பற்களின் பிடி மட்டும் மிஞ்சும். அதுவும் சாதாரணமானதல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாதையின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. முரட்டுப் பல் ஒவ்வொரு முறை ஏறும்போதும் மண்ணைத் தோண்டுகிறது. தோண்டிய தடத்தில் மழைத்தண்ணீர் இறங்கும். அடுத்த மழைக்கு அது வாய்க்கால், அதற்கடுத்த மழைக்கு ஓடை. அதன்பின் குதிரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அந்த ஓடையில்தான் நடக்க வேண்டும். வண்டியில் போகிற நமக்குச் சேறு என்பது வாரத்தில் சில நிமிடம். நடக்கிறவர்களுக்கு அது அன்றாடம்.

*

பிறகு தார்ச்சாலையைப் பற்றி யோசித்தேன். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாலை என்றால் பாதுகாப்பு, சேறு என்றால் ஆபத்து என்று நம் மனம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைச்சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலைகள் விழுந்து நசுங்கிக் கிடக்கும். வாழைத்தார் ஏற்றிய லாரிகளிலிருந்து சிந்திய டீசல் வளைவுகளில் வானவில்லாய் மின்னும். மூடுபனியில் எதிரே வரும் பேருந்தின் விளக்கு தெரியும்போது அது இருபது முப்பது மீட்டரில் இருக்கும். அங்கே பிரேக் பிடித்தால் வண்டி நிற்க வேண்டும், நேராக நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் ஏபிஎஸ் இல்லை. நான்கு கையளவு ரப்பரும் ஓட்டுபவரின் பாதமும்தான்.

இங்கேதான் எனக்கு ஒன்று தெளிவானது. இரண்டு டயர்களும் எங்கெங்கே வெல்கின்றன என்று இதுவரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கெங்கே, எப்படித் தோற்கின்றன என்றுதான் ஒப்பிட்டிருக்க வேண்டும். ஆல்-டெரெய்ன் களியில் தோற்றால் வண்டி நிற்கும். நின்ற வண்டிக்கு அடுத்து ஒரு வழி தேடலாம். கல் போடலாம், கிளை வெட்டிப் போடலாம், ஆள் திரட்டித் தள்ளலாம், காற்றைக் குறைக்கலாம். மட்-டெரெய்ன் நனைந்த வளைவில் தோற்றால் வண்டி நிற்காது. அதுதான் அதன் தோல்வி. அதற்கு அடுத்து எந்த வழியும் இல்லை. சேறு நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். சாலை ஒரு நொடியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "சரி. ஆனா பிள்ளத்தாச்சிக்கு நேரம்தானே உயிரு?" என்றார். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன.

*

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் ஓட்டுநர். வயது அறுபதைத் தாண்டியவர். இளமையில் இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டங்களில் ஜீப் ஓட்டியவர். மூன்று வாரமாக எங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டே திண்ணையில் பீடி சுருட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள், "நீங்க ஏன் தம்பி அங்கயே சுத்திக்கிட்டு இருக்கீங்க? சங்கிலி போட்டா முடிஞ்சுது" என்றார்.

"சங்கிலியா, அண்ணே?"

"ஆமா. நாங்க அங்க மட் டயரா வச்சிருந்தோம்? இருந்தது சாதா டயரு. மழ புடிச்சிருச்சுன்னா சக்கரத்துல இரும்புச் சங்கிலியச் சுத்திக்கிருவோம். தார் ரோடு வந்ததும் கழட்டிப் போட்ருவோம். மட் டயரத் தார்ல வந்து கழட்ட முடியுமா?"

எளிய வாக்கியம். ஆனால் எங்கள் வாதம் முழுவதும் அந்தக் கடைசிக் கேள்வியில் அடங்கிப்போயிற்று. சேறு முந்நூற்று முப்பது மீட்டர். அதற்கான கருவியை அந்த முந்நூற்று முப்பது மீட்டருக்கு மட்டும் அணிந்துகொள்ளலாம் என்றால், மீதிச் சாலை முழுவதும் அதைச் சுமப்பது எதற்கு? திருக்குறளில் இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தேரையும் கப்பலையும் எடுத்துக்கொண்டு, ஒன்று ஓடும் இடத்தில் மற்றது ஓடாது என்கிறார். அவருக்கு இரண்டு இடத்துக்கு இரண்டு வாகனம் இருந்தது. ஒரே நாளில், ஒரே வண்டியில், இரண்டு இடத்திலும் ஓட வேண்டியவனுக்கு அணிவதும் கழற்றுவதுமே வழி.

கடைசியில் வண்டியோடு வந்த அதே அளவில் ஆல்-டெரெய்ன் டயர் நான்கு வாங்கினோம். ஸ்டெப்னியும் அதே வகை. பெரிய அளவு போடாததற்கு இப்போது இன்னொரு காரணமும் கிடைத்தது. சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலி ஓட இடம் வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் சங்கிலி வாங்கினோம். வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய காற்றடிக்கும் பம்பு ஒன்றும், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்றும் வாங்கினோம். வழக்கமாக முப்பது பவுண்டு வைக்கும் டயரில் காற்றைப் பதினெட்டு, இருபதுக்கு இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் கூடி, களியில் பிடி ஏறுகிறது. காசில்லாமல் கிடைக்கும் பிடி அது. ஆனால் தாருக்கு வந்ததும் மறுபடி காற்று நிரப்பியாக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் நெளிந்து சூடேறி வெடிக்கும். சங்கிலி, பம்பு, கேஜ் எல்லாம் சேர்ந்தும், சேற்று டயருக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய தொகைக்குள் அடங்கிவிட்டது. ஓடையின் உளையில் நாங்களும் குடியிருப்புக்காரர்களுமாக இரண்டு நாள் கல் அடுக்கினோம். எந்த டயராலும் ஆகாத வேலை அது.

*

அந்தக் கார்த்திகையில் சோதனை வந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் டார்ச்சோடு ஓடிவந்தான். அவன் அக்காவுக்கு வலி. மாலையிலிருந்தே மழை பிடித்திருந்ததால் சங்கிலியை முன்பே மாட்டி வைத்திருந்தோம். ஏற்றத்தில் வண்டி ஒருமுறைகூடத் தயங்கவில்லை. களியில் சங்கிலி இறங்கிப் பிடிக்கும் சத்தம் உள்ளே கேட்டது. அந்தப் பெண்ணையும் அவள் தாயையும் ஏற்றிக்கொண்டு தார் முடியும் இடத்துக்கு வந்தால், ஆம்புலன்ஸ் வேறொரு அழைப்புக்குப் போயிருந்தது. நாங்களே கீழே இறங்க வேண்டும்.

சங்கிலியோடு தாரில் இறங்க முடியாது. மழையில், டார்ச் வெளிச்சத்தில், அண்ணனும் ஓட்டுநரும் நானும் கழற்றத் தொடங்கினோம். உள்ளேயிருந்து அந்தத் தாய் கதவைத் திறந்து, "எதுக்குய்யா நிக்கிறீங்க? எம்புள்ள துடிக்குது" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்கு சங்கிலியையும் கழற்றி உள்ளே எறிய எட்டு நிமிடம் ஆயிற்று. அந்த எட்டு நிமிடமும் அண்ணனின் வாதம் சரியாக இருந்தது.

பிறகு மலையிறக்கம். பாதி வழியில் ஒரு வளைவைத் திரும்பியதும் சாலையின் குறுக்கே ஒரு மரக்கிளை விழுந்து கிடந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டி வால் அசைக்காமல், நேராக, கிளைக்கு இரண்டடி முன்னால் நின்றது. அந்த ஒரு கணம் என் வாதம் சரியாக இருந்தது. முரட்டுப் பல் டயர் அந்த இடத்தில் நின்றிருக்குமா, நின்றிருக்காதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. இறங்கிக் கிளையை இழுத்துப் போட்டுவிட்டுப் போனோம். அடிவாரத்து மருத்துவமனையில் விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

திரும்பி வரும்போது அண்ணன், "அந்த எட்டு நிமிஷத்த நாலாக்கணும்" என்றார். அதற்காகப் பிறகு நாங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு சங்கிலி கழற்றிப் பழகினோம். இப்போது ஐந்து நிமிடத்தில் முடிக்கிறோம். நாலாகவில்லை.

*

எந்த டயர் நல்லது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். உங்கள் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். வண்டி தோற்றால் மறுவாய்ப்பு இல்லாத இடம் எது என்று பாருங்கள். டயர் அந்த இடத்துக்காக. மற்ற இடத்துக்குக் கழற்றக்கூடிய ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் சேற்றிலேயே உழல்கிற வண்டி என்றால் சேற்று டயர்தான் சரி. தோட்டத்தை விட்டு வெளியே வராத டிராக்டரின் சக்கரத்தைப் பார்த்தாலே அது விளங்கும்.

ஆனால் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இது பதிலாகாது. எதற்கு நிற்கிறீர்கள் என்று அவர் கேட்டது எங்கள் மூவரையும்தான் என்றாலும், அந்தக் கேள்வி எங்களோடு நின்றுவிடுவதல்ல. இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பிழைப்பதும் பிழைக்காததும் ஒரு தோட்டக்காரன் எந்த டயர் வாங்குகிறான் என்பதைப் பொறுத்திருப்பது நியாயமல்ல. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களின் சாலை போன்ற தேவைகளுக்கு, ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க இடம் தருகிறது. வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு எழுபத்தைந்தைத் தாண்டக்கூடாது. டயர்க்கடையில் போட்டது போலவே இதற்கும் ஒரு கணக்குப் போட்டேன். நாலு கிலோமீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். பெருக்கினால் சரியாக ஒரு ஹெக்டேர். அகலத்தில் ஒரு சாண் குறைத்தால் சட்டத்துக்குள் வந்துவிடும். ஒரு மரமும் வெட்ட வேண்டியதில்லை, பாதை ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் ஜீப்பின் அகலம் ஒன்றேமுக்கால் மீட்டர்கூட இல்லை. ஆம்புலன்ஸ் தாராளமாக ஏறும்.

அந்தக் கணக்கை எழுதிய மனு குடியிருப்பு மக்களின் கையெழுத்தோடு போயிருக்கிறது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அது நகர்ந்துகொண்டிருக்கிறது. மனுவில் முதல் கையெழுத்து அந்தக் குழந்தையின் பாட்டியுடையது.